வைட்டமின் டி சாப்பிட்டால் ஆஸ்பத்திரியில் தொற்று வராதா? ஆரணி வீடுகளுக்கு ஒரு விளக்கம்

உங்கள் வீட்டில் யாருக்காவது அடுத்த வாரம் ஆபரேஷனா? அல்லது காசநோய் மாத்திரை தொடங்கியிருக்கிறார்களா? அப்படியென்றால் உங்கள் வாட்ஸ்அப்புக்கு இப்படி ஒரு தகவல் வந்திருக்கலாம்: "வைட்டமின் டி கம்மியா இருந்தா ஆஸ்பத்திரியில இன்ஃபெக்‌ஷன் சீக்கிரம் ஒட்டிக்கும். வாரம் ஒரு பாக்கெட் பால்ல கலந்து குடிங்க, எதுவும் கிட்ட வராது."

அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் மீதிப் பாதியை நம்பி, செய்ய வேண்டிய வேறு வேலைகளை விட்டுவிட்டால் இழப்பு நமக்குத்தான். பாக்கெட் குடித்த தைரியத்தில் சர்க்கரை மாத்திரையை மறந்தவர், சத்து டானிக் வாங்கிவிட்டு டிபி மாத்திரையை நிறுத்தியவர் என்று எந்த ஊரிலும் ஆள் உண்டு.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்திருக்கிறது. முக்கியமான ஒன்று நம் பக்கத்து ஊரான வேலூரை மையமாக வைத்தே நடந்தது. அது என்ன சொன்னது, அதை வைத்து நீங்கள் என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

தறி வீட்டுக்குள், வெயில் வெளியே

ஆரணி என்றதும் நினைவுக்கு வருவது பட்டும் அரிசியும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, நகரத்தில் மட்டுமல்லாமல் தேவிகாபுரம், முனுகப்பட்டு போன்ற சுற்று ஊர்களிலும் வீட்டுக்கு வீடு நெய்யப்படுகிறது. இந்த வேலை எங்கே நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குழித்தறி வீட்டுக்குள் இருக்கிறது. பட்டு நூலுக்கு நேர் வெயில் ஆகாது, சாயம் வெளுக்கும். நெய்பவரும் தார் சுற்றுபவரும் பகல் பொழுதை நிழலில்தான் கழிக்கிறார்கள். தெருவில் பாவு விரிக்கும் வேலை ஒன்றுதான் திறந்த வெளியில். அதுவும் பெரும்பாலும் காலை இளவெயிலோடு முடிந்துவிடும்.

"இளவெயில் பட்டாலே போதுமே, அதுதானே நல்ல வெயில்?" என்று கேட்பீர்கள். உடம்புக்கு இதமான வெயில் அது, சந்தேகமில்லை. ஆனால் வைட்டமின் டி கணக்கு வேறு. நம் தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளின் மீது சூரியனின் புற ஊதா பி கதிர் படும்போதுதான் வைட்டமின் டி உருவாகிறது. காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும். கதிர் நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருவதால் அந்தக் கதிரின் பெரும்பகுதி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். ஜன்னல் கண்ணாடியும் அதை உள்ளே விடாது.

இதை நமக்கு அருகிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். திருப்பதியில் டாக்டர் சி.வி.ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வில், ஆண்டு முழுவதும் காலை 11 மணி முதல் மதியம் 2 மணி வரைதான் இந்த மாற்றம் அதிகமாக நடக்கிறது என்று தெரிந்தது. திருப்பதிக்கும் ஆரணிக்கும் அட்சரேகையில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே நம் ஊர்க் கணக்கும் ஏறக்குறைய அதுதான். அதே குழு 2007-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வயலில் வேலை செய்யும் கிராமத்து மக்களுக்கு நகரவாசிகளைவிட வைட்டமின் டி அதிகமாக இருந்தது. ஆனாலும் இரு தரப்பிலும் நிறையப் பேருக்குத் தேவையான அளவு இல்லை. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்ததும் அதில் தெரிந்தது.

ஆகவே, வெயில் கொளுத்தும் ஊரில் இருந்துகொண்டே வைட்டமின் டி குறைவாக இருப்பது சாத்தியம்தான். தறி வீட்டுக்காரர்களுக்கு மட்டுமல்ல, கடையில் நிற்பவர், ஆபீஸ் போகிறவர், படுக்கையில் இருக்கும் தாத்தா பாட்டி எல்லோருக்கும் இது பொருந்தும்.

தொற்றுக்கும் வைட்டமின் டி-க்கும் என்ன தொடர்பு?

வைட்டமின் டி-யின் முதல் வேலை எலும்புக்கானது. சாப்பாட்டிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை குடல் உறிஞ்ச அது வேண்டும். அது இல்லாவிட்டால் குழந்தைகளுக்குக் கால் வளையும், பெரியவர்களுக்கு எலும்பு மெலிந்து வலிக்கும். இதில் கருத்து வேறுபாடே கிடையாது.

இரண்டாவது வேலை பிறகு தெரிய வந்தது. 2006-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் விஞ்ஞானிகள் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். நம் வெள்ளை அணுக்கள் காசநோய்க் கிருமியைச் சந்திக்கும்போது, 'கதெலிசிடின்' என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கின்றன. அந்தத் தயாரிப்புக்கு வைட்டமின் டி தேவைப்படுகிறது. அதாவது, உடம்பின் காவல்காரர் ஆயுதம் செய்யும் பட்டறையில் வைட்டமின் டி-க்கும் ஒரு வேலை உண்டு.

அடுத்து, ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், உடல் பருமனுக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 770 பேரின் விவரங்களை வைத்து ஒரு ஆய்வு 2014-ல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாகத் தெரிந்தது.

வாட்ஸ்அப் தகவலில் இருக்கும் 'பாதி உண்மை' இதுதான். குறைவாக இருப்பவர்களிடம் தொற்று அதிகம் காணப்படுகிறது. சரி, அப்படியானால் குறைவை நிரப்பிவிட்டால் தொற்று குறைய வேண்டும் அல்லவா? அதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள்.

வேலூர் சொன்ன பதில்

காசநோய்க்கும் வெயிலுக்கும் பழைய உறவு உண்டு. தோலில் வரும் காசநோயை ஒளிக்கதிரால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தை எல்லோருக்கும் தெரியும், ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, இவைதான் அன்றைய வைத்தியம். மாத்திரைகள் வந்த பிறகு, சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு ஒப்பீடு செய்தது. சானடோரியத்தில் தங்கி மருந்து சாப்பிட்டவர்களுக்கும், வீட்டிலிருந்தே அதே மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959-ல் தெரிந்தது. குணப்படுத்துவது மருந்துதான் என்பது அப்போதே உறுதியானது.

அந்த மருந்தோடு வைட்டமின் டி-யும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் குணமாகுமா? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 2010, 2011 ஆண்டுகளில் இந்தியாவின் 13 மையங்களில், சளியில் கிருமி இருந்த 247 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான டிபி மருந்து தரப்பட்டது. கூடவே ஒரு பிரிவுக்கு 2 வாரத்துக்கு ஒரு முறை என 4 முறை வைட்டமின் டி, ஒவ்வொரு முறையும் 1 லட்சம் ஐ.யு. இன்னொரு பிரிவுக்கு அதே மாதிரி தோற்றத்தில் மருந்தில்லாத டோஸ். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மனசுக்குத் தோன்றுவது முடிவை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சளிப் பரிசோதனையில் கிருமி இல்லாமல் போக எத்தனை நாள் ஆனது என்று எண்ணிப் பார்த்தார்கள். வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு நடுமட்டமாக 43 நாள். எடுக்காதவர்களுக்கு 42 நாள். வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். இந்த முடிவு 2015-ல் உலகப் புகழ்பெற்ற லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் மருத்துவ இதழில் வெளியானது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் 8,851 பள்ளிக் குழந்தைகளுக்கு 3 ஆண்டுகள் வாராவாரம் வைட்டமின் டி அல்லது வெறும் டோஸ் தந்து பார்த்தார்கள். காசநோய்க் கிருமி தொற்றுவதை அது தடுக்கவில்லை என்று 2020-ல் அறிவித்தார்கள்.

ஐசியு வார்டில் என்ன நடந்தது?

காசநோயை விடுங்கள், உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்காவது உதவுமா? ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஐசியு-க்களில் 492 பேரிடம் நடந்த சோதனை 2014-ல் வெளியானது. மொத்தத்தில் ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறையவில்லை. மிகக் கடுமையான குறைபாடு இருந்த பிரிவில் மட்டும் இறப்பு குறைந்ததுபோல் தெரிந்தது. அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்கத்தான் அமெரிக்காவில் பெரிய சோதனை நடந்தது. குறைபாடு உறுதியான 1,078 நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு ஒரே தடவையில் 5,40,000 ஐ.யு. கொடுத்தார்கள். நம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 60,000 ஐ.யு. பாக்கெட் கணக்கில் அது 9 பாக்கெட்! 90 நாளில் இறந்தவர்கள், வைட்டமின் டி பிரிவில் 100-க்கு 23.5 பேர், மற்ற பிரிவில் 20.6 பேர். பலன் இல்லை என்று 2019-ல் அறிவிக்கப்பட்டது.

கொரோனா காலத்தில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வைத்தவர்கள் நம்மில் உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 240 பேரிடம் சோதித்தபோது, 2 லட்சம் ஐ.யு. எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே நாள் கணக்கில்தான் வீடு திரும்பினார்கள்.

சளி, இருமல் போன்ற சாதாரண மூச்சுத் தொற்றுக்கு, தினமும் அல்லது வாராவாரம் சிறிய அளவில் எடுத்தால் ஓரளவு பாதுகாப்பு இருக்கலாம் என்று 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். பிறகு வந்த புதிய ஆய்வுகளையும் சேர்த்து 2025-ல் மறுபடி கூட்டிப் பார்த்தபோது அந்தப் பலனும் தெளிவாக நிற்கவில்லை.

அப்போ அந்த '3 மடங்கு' எப்படி வந்தது?

நல்ல கேள்வி. ஆரணிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், தறி ஓடாது. அதே நாட்களில் கடைவீதியில் குடை நிறைய விற்கும். கணக்கு எழுதிப் பார்த்தால் 'குடை விற்பனை ஏறும்போதெல்லாம் தறி நிற்கிறது' என்று வரும். அதற்காகக் குடைக் கடையை மூடினால் குழி காயுமா? இரண்டுக்கும் காரணம் மழை.

இங்கேயும் அப்படித்தான். நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர் வெயிலைப் பார்ப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனால் வைட்டமின் டி குறையும். அதே காரணங்களால் தொற்றும் சுலபமாக வரும். உடல் பருமன் அதிகமாக இருந்தாலும் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாகக் காட்டும். கடுமையான காய்ச்சலோ அழற்சியோ வந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு இறங்கும். அதாவது சில நேரம் நோய்தான் முன்னால் வருகிறது, குறைவு பின்னால் வருகிறது. ரிப்போர்ட்டில் உள்ள அந்த எண், 'இவர் உடம்பு தளர்ந்திருக்கிறது' என்று காட்டும் விளக்கு மாதிரி. விளக்கை மட்டும் மாற்றினால் தளர்ச்சி போய்விடாது.

அப்படியானால் வைட்டமின் டி வேண்டாமா?

வேண்டும், கட்டாயம் வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் அது இல்லாமல் முடியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 ஐ.யு. தேவை என்று ஐசிஎம்ஆர் 2020-ல் பரிந்துரைத்துள்ளது. இந்தக் கணக்கில் 60,000 ஐ.யு. பாக்கெட் ஒன்று, 100 நாள் தேவைக்குச் சமம்.

கீழே உள்ளவர்கள் டாக்டரிடம் வைட்டமின் டி பற்றிக் கட்டாயம் கேளுங்கள்:

• வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் முதியவர்கள், அடிக்கடி கீழே விழுபவர்கள்
• எலும்பு, தொடை, இடுப்பு வலியோடு மாடிப்படி ஏற முடியாமல் இருப்பவர்கள்
• சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள்
• வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவர்கள்
• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குச் சொட்டு மருந்து வேண்டுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்

குறைவு என்று டாக்டர் சொன்னால், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை எடுங்கள். பெரும்பாலும் வாரம் ஒரு பாக்கெட் என்று சில வாரங்களுக்கு எழுதித் தருவார்கள். சீட்டில் 'வாரம் ஒன்று' என்று இருப்பதை 'தினம் ஒன்று' என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. மாதக்கணக்கில் அப்படிக் குடித்தாலோ, மாத்திரையும் ஊசியும் சேர்ந்து போனாலோ, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எகிறிவிடும். தாங்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, இவை அதன் அறிகுறிகள். சிறுநீரகம் பாதிக்கப்படும். வெயிலில் நின்று யாருக்கும் இந்த நிலை வராது. பாக்கெட்டால்தான் வரும்.

காசநோய் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். சிலருக்கு அந்த நோயே ரத்தத்தில் சுண்ணாம்பை ஏற்றும். டாக்டருக்குத் தெரியாமல் வைட்டமின் டி எடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரித் தொற்றைத் தடுப்பது எது?

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட கணக்கின்படி, வருமானம் குறைந்த மற்றும் நடுத்தர நாடுகளில் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஒரு தொற்றாவது வருகிறது. பணக்கார நாடுகளில் 7 பேருக்கு. கை சுத்தம் போன்ற செலவு குறைந்த பழக்கங்களைச் சரியாகப் பின்பற்றினாலே அதில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்கிறது அதே அறிக்கை. எந்த வைட்டமினுக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது!

இதில் டாக்டர், நர்ஸ் வேலை பாதி. நம் வேலை பாதி. நீங்கள் செய்ய வேண்டியவை:

ஆபரேஷனுக்கு முன்:

• சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெயர் பதியாவிட்டால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.
• பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். புகை, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.
• முந்தின நாளோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளியுங்கள்.
• ஆபரேஷன் செய்யப்போகும் இடத்தில் வீட்டிலேயே பிளேடு வைத்து ஷேவ் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி நுழையும்.
• சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்தும் வைட்டமின் பாக்கெட்டும் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். அட்டைகளை போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

வார்டில்:

• நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை கழுவுங்கள். பார்க்க வருகிறவர்களையும் கழுவச் சொல்லுங்கள். மாமா, சித்தி என்று கூச்சப்பட வேண்டாம்.
• "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று மரியாதையோடு கேட்கலாம். அது நோயாளியின் உரிமை, யாரும் தவறாக நினைக்கக் கூடாது.
• சிறுநீர்க் குழாய், கையில் குத்திய ஊசிக்குழாய் இருந்தால், "இது இன்னும் தேவையா?" என்று தினமும் கேளுங்கள். தேவையில்லாமல் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் அது கிருமிக்குத் திறந்த வாசல்.
• நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். காய்ச்சல், சளி உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் வார்டுக்கு வர வேண்டாம். நலம் விசாரிக்க வீடியோ கால் போதும்.
• கட்டை நீங்களே பிரிக்காதீர்கள், மஞ்சள், பவுடர் எதுவும் போடாதீர்கள். சிவப்பு, வீக்கம், நீர் வடிதல், காய்ச்சல் இருந்தால் உடனே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தாலும் திரும்பிப் போய்க் காட்டுங்கள்.

காசநோய் உள்ள வீட்டில் எதற்குச் செலவு செய்வது?

வைட்டமின் டி தனியாகப் பலன் தரவில்லை. ஆனால் சாப்பாடு தந்தது. ஜார்க்கண்டில் ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. அதில் 2,800 நோயாளிகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் அடங்கிய 10 கிலோ உணவுப் பை தரப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பும் சத்து மாத்திரையும் தந்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் 2 மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் குறைவாக இருந்தது. அதனால் கையில் காசு குறைவாக இருந்தால், விலை உயர்ந்த டானிக்கைவிட முட்டை, பருப்பு, கடலை, பால், மீன் ஆகியவற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.

இதற்கு அரசு உதவியும் இருக்கிறது:

• அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் முழு மருந்தும் இலவசம். 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் போய்ப் பாருங்கள்.
• சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். 2024 நவம்பருக்கு முன்பு இது 500 ரூபாயாக இருந்தது. நோயைப் பதியும்போதே பாஸ்புக் விவரம் கொடுத்துவிடுங்கள். 'டிபி ஆரோக்ய சாத்தி' செயலியை இறக்கி வைத்தால் சிகிச்சை விவரத்தைப் போனிலேயே பார்க்கலாம்.
• 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், தாங்கலில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். நிலைமை மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து கவனிப்பார்கள். "அட்மிட் ஆகணும்" என்று சொன்னால், தறி நிற்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சில நாட்கள்தான் உயிரைக் காப்பாற்றும்.

வெயிலும் சாப்பாடும்: ஒரு எளிய வழி

• வாரத்தில் சில நாள், 11 மணிக்கு ஒரு டீ இடைவேளை எடுங்கள். முகம், கை, கால் வெயிலில் படும்படி 15, 20 நிமிடம் வாசலிலோ மொட்டை மாடியிலோ நடங்கள். தோல் கருமையாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படும். தோல் சிவக்கும் வரை, தலை சுற்றும் வரை நிற்க வேண்டாம்.
• சித்திரை, வைகாசியில் அனல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் உச்சி வெயில் வேண்டாம். முதியவர், கர்ப்பிணி, இதய நோயாளிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.
• மத்தி, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன், முட்டையின் மஞ்சள் கரு, ஈரல் ஆகியவற்றில் வைட்டமின் டி உண்டு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு உணவில் கிடைக்கும் வழி குறைவு. பால், எண்ணெய் பாக்கெட்டில் 'செறிவூட்டப்பட்டது' என்ற குறியும் வைட்டமின் டி அளவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.
• சுண்ணாம்புச் சத்து சேர்ந்தால்தான் எலும்புக்குப் பலன். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, மோர் இருக்கட்டும்.

போனில் சேமித்து வையுங்கள்

104 - மருத்துவ ஆலோசனை, அரசு மருத்துவமனை பற்றிய புகார் மற்றும் தகவல்
108 - அவசர ஆம்புலன்ஸ்
1800-11-6666 - காசநோய் இலவச உதவி எண்
இ-சஞ்சீவனி - வீட்டிலிருந்தே வீடியோ வழியாக இலவசமாக டாக்டரைப் பார்க்கும் சேவை

அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் தகவல் வந்தால், அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். "வைட்டமின் டி எலும்புக்கு நல்லது, டாக்டர் சொன்னா எடுத்துக்கலாம். ஆஸ்பத்திரித் தொற்றுக்கு முதல்ல கையைக் கழுவணும், சர்க்கரையைக் குறைக்கணும், மருந்தை முழுசா முடிக்கணும்" என்று பதில் அனுப்புங்கள். அதே குரூப்பில் யாருக்காவது அடுத்த வாரம் ஆபரேஷன் இருக்கலாம்.